காவல் பாறையில் யார் நிற்பது?

ஈட்டி மரங்கள் நெருங்கி வளர்ந்த ஒரு காட்டில், மரங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி இருந்தது. முயல், மான், காட்டுக்கோழி என்று குட்டி குஞ்சு உள்ளவர்கள் எல்லோரும் அங்கேதான் குடியிருந்தார்கள். வெயில் ஏறியதும் தாய்மார்கள் தண்ணீர் குடிக்க ஆற்றுக்குப் போவார்கள். சின்னஞ்சிறுசுகளை அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியுமா? அவர்களைப் புல்லுக்குள் படுக்க வைத்து, "நான் வரும்வரை தலையைத் தூக்கக் கூடாது, சரியா?" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த நேரத்தில் புல்வெளி ஓரத்துப் பாறையில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். பல காலமாக கேளையாடு என்னும் மான் ஒன்று அந்த வேலையைப் பார்த்து வந்தது. ஆபத்து என்றால் அது நாய்போலக் குரைக்கும். சத்தம் ஆறு வரைக்கும் போகும். அந்தக் கேளையாடு மகளோடு இருப்பதற்காக அடுத்த மலைக்குப் போய்விட்டது. பாறை காலியாகக் கிடந்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. மழைக்காலம் முடிந்ததும், வளர்ந்த பிள்ளைகள் யானையம்மாவின் முன்னால் வந்து நின்று, "நான் இந்த வேலையைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டும் மழை நின்றது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்தி, "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே தினை புதருக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

தினை ஒரு சருகுமான். மான்களிலேயே மிகச் சிறியது சருகுமான்தான். முயலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். காய்ந்த சருகுகளுக்கு நடுவே நின்றால் இருப்பதே தெரியாது. தினைக்குக் காட்டில் ஒரு பட்டப்பெயரும் இருந்தது: பயந்தாங்கொள்ளி. மற்றவர்கள் ஓடிப் பிடித்து விளையாடும்போது அவள் திடீரென்று நின்றுவிடுவாள். காதை நிமிர்த்துவாள். "என்னமோ சத்தம்" என்பாள்.

"உனக்கு எப்போதும் என்னமோ சத்தம்தான்!" என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு முறை அப்படித்தான், "மரத்தடியை விட்டு நகருங்கள், மேலே என்னமோ சத்தம்" என்றாள். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பட்டுப்போன கிளை ஒன்று மடமடவென்று முறிந்து அதே இடத்தில் விழுந்தது.

"நல்ல வேளை!" என்றார்கள் எல்லோரும்.

நல்ல வேளையைப் புகழ்ந்தார்களே தவிர, தினையை யாரும் நினைக்கவில்லை. தினைகூட அதை நல்ல வேளை என்றுதான் நினைத்தாள்.

"அம்மா, நான் என்ன வேலை செய்யட்டும்?" என்று தாயிடம் கேட்டாள்.

"உனக்குப் பிடித்ததைச் செய், கண்ணு."

"எனக்கு எது பிடிக்கும்?"

அம்மா வாயில் இருந்த இலையை மென்று விழுங்கிவிட்டு யோசித்தாள். "அதை நான் எப்படிச் சொல்வது?" என்றாள்.

தினை மந்தியிடம் போனாள். "பழம் பறித்துப் போடும் வேலைக்கு வா. அதைப்போல வேலை உண்டா?" என்றது மந்தி. தினை ஏறிப் பார்த்தாள். குளம்பு மரத்தில் நிற்குமா? சறுக்கிக் கீழே விழுந்தாள். நீர்நாயிடம் போனாள். "ஆற்றைக் கடக்க வழிகாட்டும் வேலைக்கு வா. யோசிக்காதே, குதி!" என்றது நீர்நாய். குதித்தாள். மூக்கில் தண்ணீர் ஏறியதுதான் மிச்சம். முள்ளம்பன்றியிடம் போனாள். "நீ எதற்கு லாயக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைத் தூங்க விடு" என்று அது திரும்பிப் படுத்துக்கொண்டது.

'எனக்கு ஏறத் தெரியவில்லை, நீந்தத் தெரியவில்லை. அப்படியென்றால் எனக்கு எதுவுமே தெரியாது' என்று தினை முடிவுகட்டினாள். அது தப்பான முடிவு. ஆனால் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு நின்ற அவளுக்கு அதுதான் சரி என்று பட்டது.

ஆற்றங்கரையில் முரசன் உட்கார்ந்திருந்தான். முரசன் ஒரு கரடிக் குட்டி. பெரிய உடம்பு, பெரிய குரல். அவன் ஒரு தடவை உறுமினால் மரத்தில் இருக்கும் கிளிகள் எல்லாம் பறந்துவிடும். பிறந்ததிலிருந்தே எல்லோரும் அவனைப் பார்த்து, "இவனால் முடியாதது எது?" என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட முரசனின் முகம் அன்று வாடியிருந்தது.

"என்ன முரசா, உடம்பு சரியில்லையா?" என்று தினை கேட்டாள்.

"என்ன வேலை எடுப்பது என்று தெரியவில்லை."

தினைக்கு ஆச்சரியம். "உனக்குமா? உன்னால் எல்லாம் முடியும் என்கிறார்களே!"

"அதுதான் தொல்லை. எல்லாம் முடியும் என்றால் எதை எடுப்பது?"

"எதையாவது செய்து பார்த்தாயா?"

"எதற்குச் செய்து பார்க்க வேண்டும்? அவர்கள்தான் சொல்கிறார்களே."

தினை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஆகாது என்று சொன்னதால் ஒருத்திக்குக் குழப்பம். எல்லோரும் ஆகும் என்று சொன்னதால் ஒருவனுக்குக் குழப்பம்.

இந்தக் குழப்பத்தை எல்லாம் ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் நயவன். நரி. அவன் பேச்சு தேன் தடவியதுபோல இருக்கும். கேளையாடு போனதிலிருந்து அவன் கண் அந்தப் புல்வெளிமேல்தான். 'காவலுக்கு ஒரு மந்தமான ஆள் வந்துவிட்டால் போதும், எனக்கு வாழ்நாள் முழுக்க விருந்துதான்' என்று அவன் நினைத்தான். மறுநாள் காலை அத்திமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு கூவினான்.

"பிள்ளைகளே, வாருங்கள்! யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். எனக்கு ஒன்றும் தர வேண்டாம். நீங்கள் நன்றாக இருந்தால் போதும்!"

குழம்பிக் கிடந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நயவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். தாடையைத் தடவினான். கண்ணை மூடித் திறந்தான்.

முரசனின் முறை வந்தது.

"உறுமு பார்க்கலாம்" என்றான் நயவன்.

முரசன் உறுமினான். கிளிகள் பறந்தன.

"ஆகா! காவல் பாறைக்கென்றே பிறந்தவன் நீ. இந்தக் குரலுக்கு எந்தத் திருடன் பக்கத்தில் வருவான்?"

முரசனுக்கு மனம் லேசானது. ஒருவழியாக யாரோ ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டார்! "சரி மாமா" என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனான். அவன் காதைப் பற்றி நயவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியாகத் தினை வந்தாள்.

"உனக்கு என்ன தெரியும், தங்கம்?"

"ஒன்றும் தெரியாது, மாமா. என்னமோ சத்தம் கேட்டால் நின்றுவிடுவேன். அவ்வளவுதான்."

"இப்போது என்ன கேட்கிறது, சொல்."

தினை காதை நிமிர்த்தினாள். "உங்கள் பின்னால் சருகுக்குள் ஒரு பாம்பு சட்டை உரிக்கிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ கிழங்கு தோண்டுகிறார்கள், பன்றியாக இருக்கும். அப்புறம்..." அவள் தயங்கினாள். "உங்கள் வயிறு பசியில் இரைகிறது, மாமா."

நயவன் திரும்பிப் பார்த்தான். சருகுக்குள் உண்மையிலேயே ஒரு பாம்பு பாதிச் சட்டையோடு கிடந்தது. அவன் இரண்டடி தள்ளி உட்கார்ந்தான். 'இவள் மட்டும் பாறையில் நின்றால் நான் புல்வெளிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது' என்று நினைத்தான். ஆனால் முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"ஐயோ பாவம்! எந்தச் சத்தம் கேட்டாலும் நடுங்குகிறாயே. இது மனசு பலவீனம், குழந்தை. உனக்குக் குரலும் இல்லை. காவல் பாறைப் பக்கம் போனால் உன் உயிரே போய்விடும். வடக்கே ஒரு ஓடை இருக்கிறது அல்லவா? அங்கே விழும் பழங்களைப் பொறுக்கிக்கொண்டிரு. உன்னால் அதுதான் முடியும்."

தினை தலையாட்டினாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தன்னைப் பற்றி அவள் ஏற்கெனவே நினைத்திருந்ததைத்தான் நரி திருப்பிச் சொன்னது. அதனால் அது பொய்யாக இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

வேலை ஏற்கும் நாள் வந்தது. யானையம்மாவின் முன்னால் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள்.

"நான் காவல் நிற்கிறேன்!" என்று முரசன் முழங்கினான். கூட்டம் ஆரவாரம் செய்தது. "இவன் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்?" என்றார்கள்.

தினையின் முறை வந்தபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "வடக்கு ஓடையில் பழம் பொறுக்குகிறேன்."

"அது உனக்கு விருப்பமா?" என்று யானையம்மா குனிந்து கேட்டாள்.

"தெரியவில்லை, யானையம்மா."

கூட்டம் சிரித்தது. தினை வேகமாக அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

முரசன் பாறைமேல் ஏறினான். முதல் நாள் அடிக்கடி உறுமிக் காட்டினான். ஆற்றுக்குப் போகும் தாய்மார்கள், "சபாஷ்!" என்றார்கள். எல்லோரும் போன பிறகு புல்வெளி அமைதியானது. சபாஷ் சொல்ல யாரும் இல்லை. வெயில் சூடாக இருந்தது. தூரத்தில் அசைவது புல்லா, வாலா என்று அவனுக்குத் தெரியவில்லை. கரடிக்குக் கண்ணும் மந்தம், காதும் மந்தம். முரசன் கொட்டாவி விட்டான். அப்புறம் தூங்கிவிட்டான்.

சில நாளிலேயே காட்டுக்கோழியின் கூட்டில் இருந்த முட்டைகள் காணாமல் போயின.

"யார் வந்தது, முரசா?" என்று காட்டுக்கோழி அழுதுகொண்டே கேட்டது.

"யாரும் வரவில்லையே! நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்" என்றான் முரசன். சொன்ன பிறகு அவனுக்கே குழப்பமாக இருந்தது. பார்த்துக்கொண்டா இருந்தேன்? கொஞ்சம் கண் அசந்திருக்குமோ? ஆனால் என்னைப் போன்ற காவல்காரன் வேறு யாரும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்களே! அப்படிப்பட்டவன் தூங்குவானா?

அந்தப் பக்கமாக வந்த நயவன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "கவலைப்படாதே. மழையில் நனைந்த கூடு, முட்டை உருண்டு போயிருக்கும். நீ இருக்கும்போது யார் வருவார்கள்?"

முரசன் அதை நம்ப ஆசைப்பட்டான். அதனால் நம்பினான்.

வடக்கு ஓடையில் தினை பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும் நேரத்தில் நாள்தோறும் ஓடைக்கு மறுகரையில் ஒரு காலடிச் சத்தம் கேட்டது. போகும்போது மெல்ல, பூ விழுவதுபோலப் போகும். திரும்பும்போது நிதானமாக, நிறைந்த வயிற்றோடு வருவதுபோல வரும். யாரோ தன் காலடி பிறருக்குக் கேட்கக் கூடாது என்று கவனமாக நடக்கிறார்கள். ஏன்?

'எனக்கு எப்போதும் என்னமோ சத்தம்தான்' என்று தினை தன்னைத்தானே அடக்கிக்கொண்டாள். ஆனால் முட்டை திருடுபோன செய்தி கேட்டதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மாலையில் முரசனைத் தேடிப் போனாள்.

"முரசா, வெயில் நேரத்தில் யாரோ புல்வெளிப் பக்கம் போகிறார்கள். எனக்குக் கேட்கிறது."

முரசனுக்குச் சுருக்கென்றது. உள்ளே இருந்த சந்தேகத்தை அவள் தொட்டுவிட்டாள். "காவல் நிற்பது நீயா, நானா?" என்று கத்தினான்.

தினை பின்வாங்கினாள். "நீதான்."

"அப்புறம் என்ன? எனக்குக் கேட்காதது உனக்கு எப்படிக் கேட்கும்?"

தினை திரும்பி நடந்தாள். அவளுக்கு என்ன நினைப்பது என்று புரியவில்லை. கேட்ட சத்தம் பொய்யா? தன் காது பொய்யா? அவ்வளவு பெரிய முரசனுக்குக் கேட்காதது தனக்குக் கேட்கிறது என்றால் தப்பு தன்னிடம்தானே இருக்க வேண்டும்? அவள் அப்படியும் நினைத்தாள், இப்படியும் நினைத்தாள். எப்படி நினைத்தாலும், அந்தக் காலடி மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் அது மறுபடி கேட்டது. பூ விழுவதுபோல, மெல்ல, புல்வெளியை நோக்கி.

தினை வாயில் இருந்த பழத்தைக் கீழே போட்டாள். 'போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஒன்றும் இல்லை என்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை' என்று நினைத்துக்கொண்டு, சருகு நொறுங்காமல் பின்னாலேயே போனாள்.

புல்வெளியின் ஓரத்தில் ஒரு பழைய மரம் விழுந்து கிடந்தது. உள்ளே எல்லாம் உளுத்துப்போய்ப் பொந்தாகிவிட்ட மரம். தினை அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். பாறைமேல் முரசன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். புல்லுக்குள் ஒரு பழுப்பு நிற முதுகு ஊர்ந்து போனது. நயவன்! அவனுக்கு நேர் முன்னால் முயலம்மாவின் குட்டி படுத்திருந்தது. தலையைத் தூக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள் அல்லவா? அதனால் அது தூக்கவில்லை.

"முரசா!" என்று தினை கத்தினாள்.

அது சில்வண்டுச் சத்தம்போல வந்தது. முரசன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"முரசா! முரசா!"

தினைக்குக் கால்கள் உதறின. உதறிய கால்கள் மரத்தில் பட்டன. டம டம டம என்று சத்தம் எழுந்தது. தினை திடுக்கிட்டாள். அவ்வளவு பெரிய சத்தம் எங்கிருந்து வந்தது? கீழே பார்த்தாள். தன் குளம்புகளிலிருந்துதான்! மறுபடி மிதித்தாள். டம டம டம டம! பொந்து மரம் அதிர்ந்தது. சத்தம் மரங்களைத் தாண்டி ஆற்றுப் பக்கம் ஓடியது.

நயவன் சட்டென்று நிமிர்ந்தான். தினையைப் பார்த்தான். ஓடவில்லை. புன்னகை செய்தான்.

"அட, தினைக் கண்ணு! என்ன இது விளையாட்டு?"

"நீங்கள்... நீங்கள் குட்டியைப் பிடிக்க வந்தீர்கள்."

"நானா? இங்கே ஒரு பாம்பு போனது. குட்டியைக் காப்பாற்ற வந்தேன். நீ என்னவோ காலடி என்று நினைத்துப் பயந்துவிட்டாய். நான்தான் அன்றைக்கே சொன்னேனே, உனக்கு மனசு பலவீனம் என்று!"

தினையின் கால்கள் நின்றன.

"நிறுத்திவிட்டாயா? நல்ல பிள்ளை. எல்லோரும் தண்ணீர் குடிக்காமல் பதறி ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. அப்புறம் உன்னைப் பார்த்துக் காடே சிரிக்கும். உன் அம்மாவுக்கு எவ்வளவு தலைகுனிவு! பேசாமல் ஓடைக்குப் போ. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்."

அவன் குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. ஒருவேளை உண்மையோ? மாமா காப்பாற்றத்தான் வந்தாரோ? எல்லோரும் சொல்வதுபோல நான் வெறும் பயந்தாங்கொள்ளிதானோ? மறுபடி மிதித்தால் சிரிப்பார்கள். மிதிக்காவிட்டால்?

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முயல்குட்டியின் மூச்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பாம்பு ஊரும் சத்தம் எங்கும் இல்லை. பாம்பு ஊர்ந்தால் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். பேசிக்கொண்டே நயவன் ஒரு காலை மெல்ல, பூ விழுவதுபோல, குட்டியின் பக்கமாக வைக்கும் சத்தம் கேட்டது.

தினை கண்ணைத் திறந்தாள்.

"எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று தெரியவில்லை, மாமா" என்றாள். அவள் குரல் நடுங்கியது. "நான் பெரிய ஆளா, சின்ன ஆளா என்பதும் தெரியவில்லை. ஆனால் எனக்குக் காது கேட்கிறது. அது மட்டும் நன்றாகத் தெரியும்."

டம டம டம டம டம!

இந்த முறை அவள் நிறுத்தவில்லை. நயவன் குட்டியின்மேல் பாய்வதற்குள் புள்ளிமான்கள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்துவிட்டன. பின்னாலேயே காட்டுப்பன்றி, மந்தி, முயலம்மா. எல்லோருக்கும் பின்னால் மூச்சிரைக்க யானையம்மா. முரசன் இத்தனை அமளியில்தான் விழித்தான். என்ன ஏது என்று புரியாமல் எழுந்தவன், பாறையிலிருந்து உருண்டு கூட்டத்தின் நடுவே வந்து விழுந்தான்.

முயலம்மா குட்டியை அணைத்துக்கொண்டாள். யானையம்மா நயவனை உற்றுப் பார்த்தாள்.

"இங்கே உனக்கு என்ன வேலை?"

"பாம்பை விரட்ட வந்தேன், தாயே! இந்தச் சின்னப் பெண் பயத்தில் ஊரைக் கூட்டிவிட்டாள். நான் திருட வந்திருந்தால் காவல்காரன் சும்மா இருப்பானா? அவனையே கேளுங்கள்." நயவன் முரசன் பக்கம் திரும்பி இனிமையாகச் சிரித்தான். "சொல், முரசா. காட்டிலேயே சிறந்த காவல்காரன் நீ. நான் புல்வெளிக்குள் வந்ததைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அல்லது... தூங்கிவிட்டாயா?"

எல்லோரும் முரசனைப் பார்த்தார்கள். 'பார்த்தேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் பெருமை அப்படியே இருக்கும். 'தூங்கினேன்' என்றால் எல்லாம் போய்விடும். அவனால் முடியாதது எதுவுமே இல்லை என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள்.

அவன் காட்டுக்கோழியைப் பார்த்தான். அது வெறும் கூட்டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"தூங்கிவிட்டேன்" என்றான் முரசன். அந்தப் பெரிய குரல் அன்று மிகச் சிறியதாக வந்தது. "இன்றைக்கு மட்டும் இல்லை. தினமும் தூங்கினேன். எனக்குத் தூரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதிலும் விழாது. தினை வந்து சொன்னாள். நான்தான் அவளைத் திட்டி அனுப்பினேன்." அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால் முடியும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். என்னால் அது முடியுமா என்று நான் பார்க்கவே இல்லை."

அப்போது ஒரு மான்குட்டி கேட்டது: "அத்திமரத்தடியில் இவனைக் காவலுக்குப் போகச் சொன்னதே நயவன் மாமாதானே?"

"என்னை ஓடைக்குப் போகச் சொன்னதும் அவர்தான்" என்றாள் தினை.

யானையம்மாவுக்கு அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தும்பிக்கையால் நயவனைப் பிடித்துத் தூக்கிக் காட்டின் எல்லைவரை கொண்டுபோய் விட்டாள். "மறுபடி இந்தப் பக்கம் வந்தால் இப்படி மெல்லத் தரையில் விட மாட்டேன், தூக்கி வீசிவிடுவேன்" என்றாள். நயவன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

எல்லோரும் தினையைச் சூழ்ந்துகொண்டார்கள். "இவளைப்போல உண்டா! இவளால் முடியாதது எது?" என்று ஆரம்பித்தார்கள்.

முரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீர்கள்" என்றான்.

"பாறையில் நிற்கிறாயா, தினை?" என்று யானையம்மா கேட்டாள்.

தினை பாறையை ஏறிட்டுப் பார்த்தாள். "தெரியவில்லை, யானையம்மா. நாளைக்கு நின்று பார்க்கிறேன்."

மறுநாள் நின்றாள். அன்றைக்குப் பன்றிகள் வந்த சத்தத்தைச் சிறுத்தை என்று நினைத்து, யானையம்மா பாறைப் பக்கம் உருட்டிவைத்திருந்த பொந்து மரத்தில் டம டம என்று மிதித்துவிட்டாள். ஓடி வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். தினைக்கு வெட்கமாக இருந்தது. சிறிது நேரம் கீழே இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அதற்கடுத்த நாளும் ஏறினாள். பன்றியின் நடை எது, சிறுத்தையின் நடை எது என்று கேட்டுக் கேட்டுப் பழகினாள். பிறகு அவள் மிதித்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, ஓடி வருவார்கள்.

முரசன்? அவனைத் தேற்ற நினைத்தவர்கள், "உனக்கென்ன, வேறு எந்த வேலையானாலும் உன்னால் முடியும்" என்றார்கள்.

"இருங்கள், முதலில் செய்து பார்க்கிறேன்" என்றான் அவன்.

மீன் பிடித்துப் பார்த்தான். மீன்கள் வழுக்கிக்கொண்டு போயின. தேன் எடுக்கப் போனான். மூக்கு வீங்கித் திரும்பினான். இன்னும் எதற்கு லாயக்கு என்று தெரியாமல் காட்டைச் சுற்றினான். புல்வெளிக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் மண் கொஞ்சம் கருத்திருந்தது. கோடையில் தண்ணீருக்காக எல்லோரும் அலைவது அவன் நினைவுக்கு வந்தது. அங்கே தோண்ட ஆரம்பித்தான். முதலில் கல்லாக வந்தது. நகம் வலித்தது. விட்டுவிட்டுப் போனான். மறுபடி வந்தான். இடம் மாற்றித் தோண்டினான். பல நாள் கழித்து ஒரு மாலையில் அவன் கால் நகங்களுக்கு நடுவே மண் குளிர்ந்தது. சேறு வந்தது. சேற்றுக்குள்ளிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து வந்து குழியில் தேங்கியது.

முரசன் உறுமவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. கலங்கல் தெளியும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

நீதி: "உன்னால் ஒன்றும் முடியாது" என்ற சொல்லையும், "உன்னால் எல்லாம் முடியும்" என்ற சொல்லையும் அப்படியே நம்பி உன் வேலையைத் தேர்ந்தெடுக்காதே, செய்து பார்த்து உன் திறமையை நீயே அறிந்துகொள்.